இறைச்சி மாற்று உணவுங்க உங்க வயித்துக்கு ஒத்துக்குதான்னு சோதிச்சு பாக்குறது எப்படி: முழுமையான வழிகாட்டி

"மீல்மேக்கர் எனக்கு ஒத்துக்காது", "டோஃபு (சோயா பன்னீர்) சாப்பிட்டாலே வயிறு உப்பிடுது"ன்னு சொல்றவங்ககிட்ட எவ்ளோ சாப்பிட்டீங்க, எப்படி சமைச்சீங்க, எத்தனை மணி நேரம் கழிச்சு வலி வந்துச்சுன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது. ஏன்னா யாரும் அப்படி பாத்து சாப்பிடுறதில்ல. திங்கக்கிழமையில இருந்து கறி வேணாம்னு முடிவு பண்ணி, நாலு விதமான பாக்கெட் வாங்கி, ஒரே வாரத்துல நாலையும் சாப்பிட்டு, வயிறு கடமுடான்னு ஆனதும் "இதெல்லாம் நமக்கு செட் ஆகாது"ன்னு மொத்தமா விட்டுடுறாங்க. நாலுல எது காரணம்னு அவங்களுக்கும் தெரியாது, கடைசி வரைக்கும் தெரியப்போறதும் இல்ல.

நானும் முதல்ல அதே தப்ப தான் பண்ணேன். காஞ்ச மீல்மேக்கர் 100 கிராம்னா கம்மின்னு நெனச்சு ஒரே வேளையில முழுசா சாப்பிட்டேன், ஊறுனா அது 300 கிராம் கிட்ட வரும்ங்கிறது தட்டுல பாத்தப்போ கூட மண்டையில ஏறல. ராத்திரி பூரா தூக்கம் போச்சு. அதுக்கப்புறம் ஒழுங்கா ஒண்ணு ஒண்ணா சோதிச்சு பாத்து, கூட இருக்குறவங்களுக்கும் சொல்லிக்கொடுத்து, அவங்க எங்கெங்க தடுக்கி விழுறாங்கன்னு பாத்து எழுதுறது இது.

தேவையானது ரொம்ப இல்ல. கிச்சன் தராசு ஒண்ணு, ஒரு நோட்டு, ஆறுல இருந்து எட்டு வாரம் பொறுமை. தராசு இல்லாம ஆரம்பிக்காதீங்க, "ஒரு கைப்பிடி"ங்கிறது பசிக்கு ஏத்த மாதிரி மாறிட்டே இருக்கும்.

1. யாரெல்லாம் டாக்டரை கேக்காம ஆரம்பிக்கக்கூடாது

இத முதல்ல வெக்கிறதுக்கு காரணம், மத்த ஸ்டெப்ல தப்பு பண்ணா ஒரு நாள் வயிறு வலிக்கும் அவ்ளோதான், இதுல தப்பு பண்ணா ஆஸ்பத்திரி தான்.

சோயா, கோதுமை, வேர்க்கடலை இதுல எதுக்காவது அலர்ஜி இருந்தா தனியா சோதனை பண்ணாதீங்க. வேர்க்கடலை அலர்ஜி இருக்குறவங்க ஒண்ணு கவனிக்கணும், சில ரெடிமேட் அயிட்டத்துல லூபின் மாவு இருக்கும், அது வேர்க்கடலை குடும்பத்த சேந்தது, ஒண்ணுக்கு அலர்ஜி இருந்தா இன்னொண்ணுக்கும் வர வாய்ப்பு இருக்கு. பட்டாணி புரோட்டீனும் அதே குடும்பம் தான்.

சீலியாக் நோய் (குளூட்டன்ங்கிற கோதுமை புரோட்டீன் குடல பாதிக்கிற நோய்) இருந்தா செய்டான் பக்கமே போகக்கூடாது, அது முழுக்க முழுக்க கோதுமை குளூட்டன். சீலியாக் இருக்குமோன்னு சந்தேகம் மட்டும் இருக்குறவங்க ஒரு தப்பு பண்றாங்க: பயந்துபோய் கோதுமைய நிறுத்திட்டு, ரெண்டு மாசம் கழிச்சு டெஸ்டுக்கு போறாங்க. குளூட்டன் சாப்பிட்டுட்டு இருந்தா தான் அந்த ரத்த டெஸ்ட்ல தெரியும், நிறுத்திட்டு போனா நோய் இருந்தும் இல்லன்னு வந்துடலாம். அதனால முதல்ல டெஸ்ட், அப்புறம் தான் நிறுத்துறது எல்லாம்.

தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுறவங்களுக்கு சோயா அந்த மாத்திரை உடம்புல சேர்றத குறைக்கலாம். மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவுல எத்தனை மணி நேரம் விடணும்னு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க. கிட்னி பிரச்சனை இருக்குறவங்களுக்கு புரோட்டீன், உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாமே கணக்கு, அதனால அவங்களும் கேட்டுட்டு தான். மன அழுத்தத்துக்கு எம்ஏஓ இன்ஹிபிட்டர் வகை மாத்திரை எடுக்குறவங்க டெம்பே மாதிரி புளிக்க வெச்ச சோயாவ கேக்காம தொடாதீங்க.

2. ஒரு வாரம் எதையும் மாத்தாம எழுதி வைங்க

இத தான் எல்லாரும் ஸ்கிப் பண்றாங்க, போரடிக்குதுன்னு. ஆனா இது இல்லாம மிச்சம் எல்லாம் வீண்.

ஏன்னா வயிறு ஏற்கனவே எப்படி இருக்குன்னு தெரியாம, புதுசா சாப்பிட்டதால மாறுச்சான்னு எப்படி சொல்லுவீங்க? ஒரு நாளைக்கு பத்துல இருந்து இருபது தடவை வரைக்கும் கேஸ் பிரியுறது நார்மல் தான், அத யாரும் எண்ணுறதில்ல. டோஃபு சாப்பிட்ட அன்னிக்கு மட்டும் எண்ணுறாங்க, எண்ணிட்டு பயப்படுறாங்க.

ஏழு நாளைக்கு நாலே விஷயம் எழுதுங்க. என்ன சாப்பிட்டீங்க எத்தனை மணிக்கு. வயிறு எப்படி இருக்குன்னு 0 முதல் 10 வரைக்கும் ஒரு மார்க். மலம் எப்படி போச்சு, இதுக்கு பிரிஸ்டல் ஸ்டூல் சார்ட்னு ஒண்ணு இருக்கு, 1ன்னா கொட்டை கொட்டையா இறுகுனது, 7ன்னா முழுக்க தண்ணி, 3ம் 4ம் நல்லது. கடைசியா தூக்கம், டென்ஷன், பெண்களா இருந்தா பீரியட்ஸ் நாள். பீரியட்ஸ் நேரத்துல குடலோட ஓட்டமே மாறும், அத எழுதாம விட்டா பாவம் டோஃபு மேல பழி விழும்.

3. லேபிளை முன்பக்கம் பாக்காதீங்க, பின்பக்கம் படிங்க

முன்பக்கத்துல "தாவர புரோட்டீன்"னு பெருசா போட்டிருக்கும். நமக்கு வேண்டியது பின்னாடி பொடி எழுத்துல இருக்கு. சேர்மானப் பட்டியல் அளவு அதிகமானதுல இருந்து கம்மியானது வரைக்கும் இறங்குவரிசையில இருக்கும், முதல் நாலு அயிட்டத்துல பாதி கதை தெரிஞ்சுடும்.

மீதி பாதி கடைசியில ஒளிஞ்சிருக்கு. வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, இனுலின் அல்லது சிக்கரி நார், இந்த மூணையும் பாத்தா பேனாவால ஒரு வட்டம் போடுங்க. மூணுலயும் ஃப்ரக்டான்ங்கிற ஒரு வகை சர்க்கரைச் சங்கிலி இருக்கு, மனுஷ குடலால அத உடைக்க முடியாது, அது பெருங்குடலுக்கு அப்படியே போய் அங்க இருக்குற பாக்டீரியாவுக்கு விருந்தாகும், கேஸ் நமக்கு. என் அனுபவத்துல "சோயா ஒத்துக்கல"ன்னு வந்தவங்கள்ல நெறைய பேருக்கு சோயா ஒத்துக்குது, அதுக்கு மேல தடவுன பூண்டுப் பொடி தான் ஒத்துக்கல.

அப்புறம் பைண்டர், அதாவது உதிராம ஒட்டி வெக்கிற பொருள், என்னன்னு பாருங்க. சிலதுல முட்டை வெள்ளைக்கரு இருக்கும், சிலதுல பால் பொருள் இருக்கும். பால் சேராதவங்க கறிக்கு பதிலான பொருள்ல பால் இருக்கும்னு எதிர்பாக்குறதே இல்ல. சோயா சாஸ் போட்டு ஊற வெச்ச டோஃபுல கோதுமை இருக்கலாம், ஏன்னா பெரும்பாலான சோயா சாஸ் கோதுமை சேத்து தான் செய்யுறாங்க.

சோடியத்தையும் ஒரு பார்வை பாருங்க. பர்கருக்கு நடுவுல வெக்கிற பேட்டி 113 கிராம் சைஸ்ல வர்றதுல பலதுல 350 மில்லிகிராமுக்கு மேல சோடியம் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு சொல்ற லிமிட் 2000 மில்லிகிராம். உப்பு கூடுனா உடம்புல தண்ணி தங்கும், மறுநாள் காலையில உடம்பே உப்புன மாதிரி இருக்கும், அதையும் "கேஸ்"னு எழுதி வெப்பாங்க.

4. எந்த வரிசையில சோதிக்கிறது

சேர்மானம் கம்மியா இருக்குறதுல ஆரம்பிச்சு அதிகமா இருக்குறதுல முடிங்க. ஒத்துக்கலைன்னா காரணம் தேடுற இடம் சின்னதா இருக்கணும், அதுக்கு தான் இந்த வரிசை.

முதல் இடம் கெட்டியான டோஃபுக்கு, மசாலா எதுவும் கலக்காத ப்ளெயின் டோஃபு. சோயாவுல கேஸ் உண்டாக்குறது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு ரெண்டு சர்க்கரை, அத உடைக்கிற என்ஸைம் நம்ம கிட்ட கிடையாது. ஆனா ரெண்டும் தண்ணில கரையும். கெட்டி டோஃபுவ அழுத்தி தண்ணிய வெளியேத்தி செய்யுறாங்க, அந்த தண்ணியோட இதுங்களும் கணிசமா போயிடும். சில்க்கன் டோஃபுன்னு ஒரு மெத்துன வகை இருக்கு, அதுல தண்ணிய பிழியுறதே இல்ல, அதனால அது உள்ளயே தங்கிடுது. ஆஸ்திரேலியாவுல இருக்குற மொனாஷ் பல்கலைக்கழகம் சென்சிட்டிவ் வயிறுக்காரங்களுக்கு வெச்சிருக்குற ஃபாட்மேப் (குடல்ல சரியா சேராம கேஸ் பண்ற சர்க்கரை வகைங்க) பட்டியல்லயும் இந்த ரெண்டு டோஃபுவும் ஒரே இடத்துல இல்ல. "டோஃபு ஒத்துக்கல"ன்னு யாராவது சொன்னா எந்த டோஃபுன்னு கேக்குறது இதனால தான்.

ரெண்டாவது டெம்பே. ரைசோபஸ்ங்கிற பூஞ்சைய வெச்சு புளிக்க வெக்கிறது, ஊற வெச்சு வேக வெக்கும்போதும் புளிக்கும்போதும் அந்த சர்க்கரைங்க குறையுது. டோஃபுவ விட நார் அதிகம்.

மூணாவது மீல்மேக்கர். எண்ணெய் எடுத்த சோயா மாவு தான் இது, காஞ்ச நிலையில பாதி எடை புரோட்டீன், 100 கிராமுக்கு 50 கிராம் கிட்ட. நாரும் இருக்கு, அந்த சர்க்கரைங்களும் இருக்கு. சமைக்கிற விதத்துல தான் இதோட தலையெழுத்தே இருக்கு, அதுக்கு அடுத்த ஸ்டெப்.

நாலாவது செய்டான், கோதுமைப் பிரச்சனை இல்லாதவங்களுக்கு மட்டும். மாவுல இருந்து ஸ்டார்ச்ச கழுவி எடுத்துடுறதால கோதுமையில கேஸ் பண்ற ஃப்ரக்டானும் பெருமளவு போயிடும், அதனால ரொட்டி ஒத்துக்காத சிலருக்கு இது ஒத்துக்கும், கேக்க விசித்திரமா இருந்தாலும் உண்மை. ஆனா இதுல லைசின்ங்கிற அமினோ அமிலம் கம்மி, இத மட்டுமே நம்பி கறிய விடாதீங்க.

அஞ்சாவது மைக்கோபுரோட்டீன், ஃபியூசேரியம் வெனனேட்டம்ங்கிற பூஞ்சையில இருந்து வர்றது, குவார்ன்ங்கிற பேர்ல சில நாடுகள்ல கிடைக்குது. 100 கிராம்ல 6 கிராம் கிட்ட நார். பெரும்பாலானவங்களுக்கு பிரச்சனை இல்ல, ஆனா சிலருக்கு சாப்பிட்ட சில மணி நேரத்துல வாந்தி, பேதின்னு வேகமா அடிக்கும். பூஞ்சை அலர்ஜி இருந்தா இத விட்டுடுங்க.

கடைசியா தான் ரெடிமேட் பர்கர் பேட்டி, சாசேஜ், நகெட்ஸ். இருபது சேர்மானம் இருக்குற பொருள முதல் நாளே எடுத்தா எத குத்தம் சொல்லுவீங்க?

பலாக்காய பத்தி கேப்பீங்க. பலாக்காய் கறி மாதிரி இழை இழையா வரும், சுவை நல்லாருக்கும், ஆனா புரோட்டீன் 100 கிராமுக்கு 3 கிராம் கூட தேறாது. காயா சாப்பிடுங்க, கறிக்கு பதில்னு கணக்கு வெக்காதீங்க.

5. மீல்மேக்கரை ஊற வெச்சு பிழியுறது

இதுக்கு தனி தலைப்பான்னு தோணும், ஆனா நான் பாத்த வயித்து பிரச்சனையில பாதி இந்த இடத்துல சரியாயிடுச்சு.

நெறைய தண்ணிய கொதிக்க வெச்சு, அதுல மீல்மேக்கர போட்டு அஞ்சு நிமிஷம் வேக விடுங்க, அடுப்ப அணைச்சு இன்னும் ஒரு பதினஞ்சு நிமிஷம் மூடி வைங்க. மொத்த தண்ணியையும் கொட்டுங்க. பச்சைத் தண்ணி ஊத்தி கையால நல்லா அமுக்கி பிழியுங்க. மறுபடி தண்ணி, மறுபடி பிழியுங்க. பிழியுற தண்ணி முதல்ல நுரையா மஞ்சளா வரும், மூணாவது தடவை கிட்டத்தட்ட தெளிவா வரும், அதுவரைக்கும் நிறுத்தாதீங்க.

காரணம் மேல சொன்னது தான், கேஸ் பண்ற சர்க்கரை தண்ணில கரையும், எவ்ளோ தண்ணி மாத்துறீங்களோ அவ்ளோ வெளிய போகும். இங்க நடக்குற தப்பு மூணு. குழம்பு கொதிக்கும்போது காஞ்சதையே நேரா போடுறது, அப்போ கரையுற சர்க்கரை எல்லாம் குழம்புலயே நிக்கும், அத தான் நாம குடிக்கிறோம். ஊற வெச்ச தண்ணில சத்து போயிடும்னு அதையே சமையலுக்கு ஊத்துறது, இதுவும் அதே கதை. மூணாவது, அரைகுறையா ஊற வெக்கிறது, வெளிய மெத்துனு இருக்கும் கடிச்சா நடுவுல கட்டியா இருக்கும், சரியா மெல்லாம முழுங்கிட்டு பாரமா இருக்குன்னு சொல்லுவோம். ஒரு துண்ட பிச்சு பாத்துட்டு சமைங்க.

6. மசாலாவை மட்டும் தனியா சோதிங்க

டோஃபு போட போற அதே கிரேவிய, டோஃபு இல்லாம, வழக்கமா சாப்பிடுற சாப்பாட்டோட ஒரு நாள் சாப்பிட்டு பாருங்க. அதே எண்ணெய், அதே வெங்காயம், அதே காரம்.

கறிய விடும்போது நாம கறிய மட்டும் மாத்துறதில்ல. புது பொருள்ல சுவை இல்லன்னு மசாலாவ ரெண்டு மடங்கு போடுவோம், எண்ணெய்ல பொரிப்போம், வெங்காயத்த அள்ளி போடுவோம். அந்த கிரேவியே வயித்த கிளப்புச்சுன்னா மேற்கொண்டு சோதிச்சு பிரயோஜனம் இல்ல, கிரேவிய மாத்துங்க முதல்ல. எங்கிட்ட கேட்ட ஒருத்தர் இந்த ஒரு ஸ்டெப்போட நின்னுட்டார், அவருக்கு வெங்காயம் தான் வில்லன், கறிக்குழம்புலயும் அது தான் பண்ணிட்டு இருந்திருக்கு, கறி மேல பழி போட்டு தான் அவர் கறியவே விட நெனச்சிருக்கார்.

7. முதல் அளவு, அதுக்கப்புறம் ஏத்துறது

முதல் நாள் டோஃபுன்னா 50 கிராம், டெம்பேன்னா 40, மீல்மேக்கர்னா காஞ்ச எடையில 10 கிராம், செய்டான்னா 40. பர்கர் பேட்டின்னா கால்வாசி. காமெடியா இருக்குற அளவு தான், தெரியும். ஆனா கறியில நார் சுத்தமா கிடையாது, அதுல இருந்து வர்ற குடலுக்கு திடீர்னு நார கொட்டுனா அது திணறும்.

மதிய சாப்பாட்டுல சாப்பிடுங்க, ராத்திரி வேணாம். ராத்திரி சாப்பிட்டா முக்கியமான நேரத்துல தூங்கிட்டு இருப்பீங்க, என்ன நடந்துச்சுன்னு எழுத முடியாது. மிச்ச சாப்பாடு அன்னிக்கு பழகுனதா இருக்கட்டும்.

அடுத்த ரெண்டு நாள் அந்த பொருள சாப்பிடாதீங்க. சாப்பாடு வாயில இருந்து வெளிய போற வரைக்கும் ஒரு நாள்ல இருந்து மூணு நாள் ஆகலாம், நடுவுல கேப் விடாம அடுத்தத போட்டா ரெண்டும் குழம்பிடும். பிரச்சனை இல்லன்னா மூணு நாளுக்கு ஒரு தடவை அளவ ரெண்டு மடங்கு ஆக்குங்க, ஒரு முழு வேளைக்கு வேண்டிய அளவு வர்ற வரைக்கும். ஒரு பொருளுக்கு பத்து நாள் கிட்ட ஆகும்.

தண்ணி. நார் கூடும்போது தண்ணியும் கூடணும், இல்லன்னா நார் போய் கட்டியா உக்காந்துக்கும். மலச்சிக்கல் வந்துடுச்சுன்னு இன்னும் நார கூட்டுறவங்க இருக்காங்க, தண்ணி குடிக்காம அப்படி பண்ணா இன்னும் இறுகும்.

8. எத்தனை மணி நேரம் கழிச்சு வந்துச்சு

இந்த வழிகாட்டியில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெக்க முடியும்னா இத வெச்சுக்கோங்க. என்ன வந்துச்சுங்கிறத விட எப்போ வந்துச்சுங்கிறது தான் காரணத்த காட்டிக் கொடுக்கும்.

சில நிமிஷத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாய் அரிப்பு, உதடு வீக்கம், தோல்ல தடிப்பு, மூச்சு இழுப்பு, வாந்தி வந்தா அது அலர்ஜி மாதிரி. மூச்சு கஷ்டமோ முகம் வீங்குறதோ இருந்தா நோட்டுல எழுதிட்டு இருக்காதீங்க, உடனே அவசர சிகிச்சைக்கு போங்க. மறுபடி அந்த பொருள வீட்டுல சோதிக்கவே கூடாது.

ஒரு மணி நேரத்துல இருந்து மூணு மணி நேரம், வயிறு மேல்பக்கம் பாரம், புளிச்ச ஏப்பம், நெஞ்செரிச்சல். இது பெரும்பாலும் எண்ணெய், காரம், அளவு, வேகமா சாப்பிட்டது. கொழுப்பு இரைப்பைய விட்டு மெதுவா தான் நகரும். பொரிச்சு சாப்பிட்டிருந்தா அடுத்த தடவை பொரிக்காம செஞ்சு பாருங்க, பொருள மாத்த வேணாம்.

நாலு மணி நேரத்துக்கு மேல, சாயங்காலமோ ராத்திரியோ, கீழ்வயிறு உப்புசம், கேஸ், குடல் உருளுற சத்தம். சாப்பாடு பெருங்குடல தொட்டாச்சு, பாக்டீரியா வேலை ஆரம்பிச்சாச்சு. சோயா சர்க்கரை, வெங்காயம், பூண்டு, இனுலின் இந்த கூட்டம் தான் இங்க. அளவ குறைக்கிறது, பிழியுறது, மெதுவா பழக்குறது இதெல்லாம் வேலை செய்யுற இடமும் இது தான்.

மறுநாளோ அதுக்கடுத்த நாளோ மலம் இறுகுறது இல்ல லூஸா போறது, அது நார், தண்ணி, பைண்டர் விஷயம்.

ஒரு குழப்பத்த தெளிவாக்கிடுறேன். "சாப்பிட்டு பத்து நிமிஷத்துல வயிறு உப்பிடுச்சு, கேஸ் வந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. பத்து நிமிஷத்துல அந்த சாப்பாடு இரைப்பைய கூட தாண்டியிருக்காது. சாப்பிட ஆரம்பிச்சதும் இரைப்பை விரியும்போது பெருங்குடலுக்கு "நகரு"ன்னு சிக்னல் போகும், அப்போ அங்க ஏற்கனவே இருக்குறது நகருது. அதாவது இப்போ வர்ற கேஸ் முந்தின வேளை சாப்பாட்டோடது. அதனால நோட்டுல அஞ்சாறு மணி நேரம் பின்னாடி போய் என்ன சாப்பிட்டீங்கன்னு பாருங்க, ஆளு அங்க இருப்பான்.

9. ரெடிமேட் பேட்டி, சாசேஜ் சோதிக்கும்போது

மத்தது எல்லாம் பாத்த பிறகு இங்க வந்தீங்கன்னா பாதி விடை கையில இருக்கும். டோஃபு ஒத்துக்குச்சு, சோயா பேட்டி ஒத்துக்கலைன்னா சோயாவ விட்டுட்டு மீதி பட்டியல்ல தேடுங்க.

அதுல ரெண்டு பேர் முக்கியம். ஒண்ணு மெத்தில்செல்லுலோஸ், சில லேபிள்ல ஈ461ன்னு இருக்கும். சூடானா இறுகும் ஆறுனா இளகும், பேட்டி உதிராம இருக்குறதுக்கு இது தான் காரணம். இது செரிக்காது, பாக்டீரியாவும் பெருசா தொடாது, தண்ணிய புடிச்சுக்கிட்டு வெளிய போகும், இதையே மலமிளக்கியாவும் குடுக்குறாங்க. பேட்டில இருக்குற அளவு கம்மி தான், ஆனா ஒரே நாள்ல மூணு பேட்டி சாப்பிட்டுட்டு மறுநாள் லூஸா போச்சுன்னா ஆச்சரியப்பட வேணாம்.

இன்னொண்ணு கொழுப்பு. தேங்காய் எண்ணெய் மாதிரி கொழுப்ப சேத்து தான் கறியோட ஜூஸியான ஃபீல் கொண்டு வர்றாங்க. பித்தப்பை பிரச்சனை இருக்குறவங்களுக்கு, நெஞ்செரிச்சல் காரங்களுக்கு அது தொந்தரவு பண்ணும்.

சிவப்பு நிறத்துக்கு பீட்ரூட் சாறு சேக்குற பேட்டிங்க இருக்கு, மலத்துல சிவப்பு பாத்துட்டு ஆடிப்போயிடாதீங்க, நேத்து என்ன சாப்பிட்டோம்னு முதல்ல பாருங்க. பீட்ரூட் எதுவும் சாப்பிடாம சிவப்பா போனா அது வேற விஷயம், பன்னெண்டாவது பாயின்ட்ட பாருங்க.

இதெல்லாம் தாவரம் தானேன்னு உள்ள பச்சையா விட்டு சாப்பிடுறாங்க சிலர். பாக்கெட்ல சொல்லியிருக்குற சூட்டுக்கு முழுசா சமைங்க, ஃப்ரீஸர்ல இருந்து எடுத்தத வெளிய வெச்சு இளக விடாம ஃப்ரிட்ஜ்ல இளக விடுங்க. கெட்டுப்போன பேட்டிய சாப்பிட்டுட்டு "தாவர புரோட்டீன் சேரல"ன்னு எழுதுனா நோட்டுக்கே அவமானம்.

10. வீட்டுலயே பீன்ஸ் பேட்டி செய்யுறவங்களுக்கு

சிவப்பு ராஜ்மா போட்டு செய்யுறீங்கன்னா கவனம். அதுல ஃபைட்டோஹீமக்ளூட்டினின்னு ஒரு லெக்டின் (விஷத்தன்மை உள்ள ஒரு புரோட்டீன்) இருக்கு, சரியா வேகாத ராஜ்மா கொஞ்சமா சாப்பிட்டாலே சில மணி நேரத்துல வாந்தி பேதி வரும். குறைஞ்சது அஞ்சு மணி நேரம் ஊற வெச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு, புது தண்ணில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்கணும். ஸ்லோ குக்கர்ல மட்டும் வெச்சு வேக வெக்காதீங்க, அந்த சூடு பத்தாது, அரைகுறை சூட்டுல விஷம் பச்சைய விட கூட கூடலாம். டின்ல வர்றது ஏற்கனவே வெந்தது, அத கழுவிட்டு போட்டா போதும்.

11. ஒத்துக்கலைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

ஒரு தடவை ஒத்துக்கலைன்னா அது தகவல், முடிவு இல்ல. அன்னிக்கு தூக்கம் கெட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். நிறுத்துங்க, நோட்டுல மார்க் பழைய நிலைக்கு வர்ற வரைக்கும் காத்திருங்க, அப்புறம் பாதி அளவுல மறுபடி. மூணு தடவையில ரெண்டு தடவை அதே நேரத்துல அதே தொந்தரவு வந்தா அப்போ நம்புங்க. அலர்ஜி மாதிரி வந்ததுக்கு மட்டும் இந்த மறுபடி சோதனை கிடையாது, திரும்ப சொல்றேன்.

வீட்டுல வேற யாராவது சமைக்கிறாங்கன்னா இன்னொரு வழி இருக்கு, எந்த நாள்ல போட்டாங்கன்னு உங்ககிட்ட சொல்லாம அரைச்சு கலந்து போட சொல்லுங்க. பயந்துகிட்டே சாப்பிட்டா பயமே வயித்த கலக்கும், நான் இத ஒருத்தருக்கு பண்ணி பாத்தப்போ டோஃபு இல்லாத நாள்ல தான் அவருக்கு அதிகமா உப்பிடுச்சு.

கேஸ் மட்டும் தான் பிரச்சனைன்னா கொஞ்ச அளவ தினமும் சாப்பிட்டு ரெண்டு மூணு வாரம் ஓட்டி பாருங்க, பல பேருக்கு தானா குறையும், குடல் பாக்டீரியா பழகிக்குது. ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் மாத்திரையும் இருக்கு, சோயா சர்க்கரைய உடைக்கிற என்ஸைம் இது. முதல் வாயோட போடணும், சாப்பிட்டு முடிச்சு வயிறு உப்புன பிறகு போட்டா பிரயோஜனம் இல்ல. வெங்காயம் பூண்டோட ஃப்ரக்டானுக்கு இது வேலை செய்யாது. கேலக்டோசீமியா (கேலக்டோஸ்ங்கிற சர்க்கரைய உடம்பால கையாள முடியாத பிறவி நோய்) இருக்குறவங்க எடுக்கக்கூடாது, சர்க்கரை நோய் இருந்தா கேட்டுட்டு எடுங்க.

12. நோட்டை மூடிட்டு டாக்டர்கிட்ட போக வேண்டிய நேரம்

மலத்துல ரத்தம், தார் மாதிரி கறுப்பு, காரணமில்லாம எடை குறையுறது, தூக்கத்துல இருந்து எழுப்புற பேதி, காய்ச்சலோட வயித்து வலி, ரத்த சோகை. இதுல எது இருந்தாலும் சாப்பாட்ட மாத்தி மாத்தி பாத்து நாள கடத்தாதீங்க. அந்த நோட்டையும் எடுத்துட்டு போங்க, டாக்டர் கேக்குற முதல் பத்து கேள்விக்கு பதில் அதுல இருக்கும்.

13. ஒத்துக்குச்சு, இனிமே தொடர்றதுன்னா

பி12 தாவர உணவுல நம்புற அளவுக்கு இல்ல. கறி, முட்டை, பால் எல்லாத்தையும் விடுறீங்கன்னா பி12 சேத்த உணவோ மாத்திரையோ கட்டாயம், வயிறு நல்லா இருக்குங்கிறதால இத மறந்துடுறாங்க. தாவர இரும்புச்சத்து கறியில இருக்குறத விட கம்மியா தான் உடம்புல ஏறும், கூட வைட்டமின் சி இருக்குற காயோ பழமோ சேத்தா கூடும், சாப்பாட்டோட டீ காபி குடிச்சா குறையும். ஒரு மணி நேரம் தள்ளி குடிங்க.

ஒவ்வொரு பொருளுக்கும் உங்களுக்கு ஒத்துக்குற அதிகபட்ச அளவ நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வைங்க, டோஃபு 150, மீல்மேக்கர் காஞ்சது 30, இந்த மாதிரி. அந்த நம்பர் ஒரே இடத்துல நிக்காது. ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் முடிச்ச பிறகோ, வயித்துப்போக்கு வந்து போன பிறகோ பழைய அளவுக்கு நேரா போகாதீங்க, பாதில இருந்து மறுபடி ஏத்துங்க.